கண்டனுக்கு ஊர் இல்லை

அளவு டேப்பின் ஒரு முனை என் கையிலும் மறுமுனை சர்வேயர் அண்ணாச்சி கையிலும் இருந்தபோதுதான் அது நடந்தது. பிளவக்கல் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு தோப்பை அளந்துகொண்டிருந்தோம். நல்ல உச்சிவெயில்.

இந்தச் சீமைக்கு மல்லி நாடு என்று பழைய பெயர். மல்லிகைப் பூவால் வந்தது என்றே நான் நினைத்திருந்தேன். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணாச்சி அதை மறுத்தார். மல்லி என்பவள் இங்கே ஆண்ட வேடர்குலத்து ராணியாம். அவளுக்கு வில்லி, கண்டன் என்று இரண்டு பிள்ளைகள். வேட்டைக்குப் போன இடத்தில் கண்டனைப் புலி அடித்துவிட்டது. பிறகு காட்டைத் திருத்தி வில்லி எழுப்பிய ஊர்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்.

“நாடு ஆத்தா பேர்ல இருக்கு. ஊரு திரும்பி வந்தவன் பேர்ல இருக்கு. வராதவன் பேர்ல என்னவே இருக்கு?”

அவர் கேட்டது கண்டனை மட்டும் நினைத்து அல்ல. அவருடைய தம்பி முத்து பத்து வயதில் இதே மலைக்கு விறகு பொறுக்கப் போய்த் திரும்பவில்லை. கூடப் போன இவர் மட்டும் வந்தார். அதன்பிறகு மம்சாபுரத்து வீட்டில் அம்மா அந்தப் பெயரை வாயில் எடுத்ததே இல்லை என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

மறுபடி டேப்பை இழுத்தபோது மலைப்பக்கமிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

“ஏலே முத்து... சாப்பிட வாலே.”

எனக்கும் தெளிவாகக் கேட்டது. அங்கே வீடு கிடையாது, ஆள் கிடையாது. அண்ணாச்சி மலைப்பக்கம் திரும்பினார். “வாரேம்மா” என்று சத்தமாகச் சொன்னார். சொன்னது சின்னப் பையனின் குரல். டேப் என் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. அவர் மலையை நோக்கி நடந்துகொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

சாயங்காலம் அவரை வீட்டில் விடப் போனபோது அம்மா வாசலில் நின்றிருந்தார்.

“மத்தியானம் என்னமோ தோணுச்சு. முத்துவைக் கூப்பிட்டுப் பாத்தேன். வாரேன்னுட்டான்யா!”

“நாந்தாம்மா சொன்னேன்,” என்றார் அண்ணாச்சி.

“உன் குரலு எனக்குத் தெரியாதா?”

அம்மா இப்போது இல்லை. ஓய்வுபெற்ற அண்ணாச்சி அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். போன மாதம் ஒரு மத்தியானம் பார்க்கப் போயிருந்தேன். செத்த நேரம் பேசிவிட்டு எழுந்துபோய் இரண்டு தட்டு வைத்துச் சோறு போட்டார். நான் ஒன்றின் முன்னால் உட்காரப் போனேன்.

“அங்க வேண்டாம்,” என்றார் மெதுவாக. “உமக்கு வேற தட்டு எடுத்துட்டு வாரேன்.”