ஸ்கேன் படத்தில் தெரிந்த குழி

எங்கள் ஊர் ஆண்கள் பெரிய வீரர்கள். வேட்டியை மடித்துக் கட்டி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு வெட்டுவேன் குத்துவேன் என்பார்கள். மூத்திரம் சொட்டுச் சொட்டாகப் போகிறது என்று மட்டும் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் படித்த கோழை நான். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவன் என்பதால் சொந்தக்காரர்களின் மருத்துவ ரிப்போர்ட்டெல்லாம் என்னிடம்தான் வரும். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டுவேன்.

என் மனைவியின் தம்பி கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தான். தொண்ணூறுகளின் கடைசியில் அவனுக்கு ப்ராஸ்டேட் வீங்கியது. கத்தி வைக்காமல், மூத்திரப் பாதை வழியே குழாய் விட்டு, சூடு கொடுத்து வீக்கத்தைக் கருக்கும் சிகிச்சை மதுரையில் வந்திருந்தது. குலதெய்வம் கோயிலுக்கு என்று ஊரில் சொல்லிவிட்டு அவனைக் கூட்டிப்போனேன். சில மாதங்களில் தொந்தரவு அடங்கியது.

பிறகு வயிற்றுவலி வந்து உள்ளூரில் ஸ்கேன் எடுக்கப் போனோம். அங்கே சீட்டு எழுதும் பெண் அவனுடைய கணக்கப்பிள்ளையின் மகள். படிக்கட்டிலேயே என் கையைப் பிடித்தான்.

"அத்தான், மதுரை விஷயத்தை இங்கன மூச்சு விட்டுராதீய. நம்ம ஆபீஸ்ல குச்சி அடுக்குத பொம்பளையெல்லாம் நாளைக்கு வாயைப் பொத்திச் சிரிப்பாளுவ."

"நான் எதுக்கு மாப்ளே சொல்லப் போறேன்?"

"ப்ராஸ்டேட்டுக்கு இதுக்கு முன்னாடி ஏதாவது சிகிச்சை எடுத்தீங்களா?" என்று திரையைப் பார்த்தபடியே ஸ்கேன் டாக்டர் கேட்டார். கதவு திறந்து கிடந்தது; வெளியே சீட்டு எழுதும் பெண். மச்சினன் என்னைப் பார்த்தான். "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்" என்றேன். மரியாதையான, தெளிவான பொய்.

ப்ராஸ்டேட்டின் நடுவில் குழி, ஓரத்தில் இருண்ட திட்டு, புற்றாக இருக்கலாம், சதை எடுத்துச் சோதிக்கவும் என்று ரிப்போர்ட் வந்தது. சூடு வைத்த இடம் அது என்று எனக்கும் தோன்றவில்லை. இவ்வளவுதான் என் படிப்பு.

மதுரைக்குப் போவோம் என்றேன். அவன் மறுத்தான். "ஊசி குத்துனா பரவிரும் அத்தான். முதல்ல புள்ளைய ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்துருதேன்."

மகள் பி.எஸ்சி. இரண்டாம் வருடம். ஆவணியில் நாகலாபுரத்து மிளகாய் வத்தல் வியாபாரி வீட்டில் கொடுத்துவிட்டான். பந்தியில் நின்று நானே சாம்பார் ஊற்றினேன்.

கல்யாணம் முடிந்தபிறகு மதுரை டாக்டர் படத்தைப் பார்த்தார். "நாங்க சூடு வச்ச இடம்தான் இது. கருகின சதை கரைஞ்சு போனா குழி விழும், ஓரம் கறுப்பாத் தெரியும். ஸ்கேன் எடுத்தவர்கிட்ட சொல்லலையா?" சந்தேகம் வேண்டாம் என்று சதையும் எடுத்துச் சோதித்தார்கள். புற்று இல்லை. திரும்பும் பஸ்ஸில் மச்சினன் வாயைப் பிளந்து தூங்கினான்.

புற்று இல்லை என்று மகளிடம் சொல்ல நாகலாபுரம் போனோம். முற்றத்தில் வத்தலைக் கிளறிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முகத்தைத் துடைத்தபின் மெதுவாகக் கேட்டாள்: "அப்பம் நான் திரும்பக் காலேஜுக்குப் போகலாம்லா?"

"அதான் கல்யாணம் ஆயிட்டுல்லா, இனி எதுக்குட்டி படிப்பு?" என்று சிரித்தான் அந்த வீரன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஸ்கேன் அறையில் அவள் அப்பாவுக்காகப் பேசிய வாய் எனக்கு. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"கோவில்பட்டி பஸ் போயிரும் மாப்ளே, வா."