ஒன்றேகால் மணி நேரம்

மதுரையிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான் என்று மருமகன் சொல்லிக்கொண்டே இருப்பார். "பஸ்சுல ஏன் அத்தை ராத்திரி பூரா குலுங்கி வர்றீங்க?" என்பார். பட்டணத்துப் பிள்ளை. அவர் கணக்கில் உலகம் மதுரையில் தொடங்குகிறது. நாங்கள் இருப்பது போடிக்கு மேலே, ஏலத்தோட்டத்தில். மலையிறங்கி மதுரை போய்ச் சேர்வதற்குள் நாலு மணி நேரம் போய்விடும்.

இன்னொன்றும் அவருக்குத் தெரியாது. மலைப்பாதையில் ஒரு வளைவு திரும்பியதும் போடி மொத்தமும் கீழே விரிந்து கிடக்கும். அங்கேதான் செல்போனில் சிக்னலும் கிடைக்கும். உடனே ஜீப்பில் இருக்கிற அத்தனை பேரும், "போடி வந்துட்டேன்" என்பார்கள். அது பொய்யில்லை, எங்கள் ஊர்ப் பழக்கம். கேட்பவர்களும் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்வார்கள்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒருநாள் விடியும்போதே மருமகன் தோட்டத்து லேண்ட்லைனில் கூப்பிட்டார். நிறைமாதமாக இருந்த மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பிள்ளைக்குக் கொடி சுற்றியிருப்பதால் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்களாம். "அம்மா வராம உள்ள போகமாட்டேங்கிறா அத்தை. மத்தியானம் வரைக்கும் பாக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. காலை விமானத்துக்கு டிக்கெட் போட்டுட்டேன்."

நானும் என் வீட்டுக்காரரும் கிடைத்த ஜீப்பில் ஏறினோம். அந்த வளைவு வந்தது. வழக்கம்போல அவர் போனை எடுத்து, "மாப்ளே, போடி வந்துட்டோம்" என்றார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்கள் வீட்டில் மணியோசைக்கு எப்போதுமே அவசரம் அதிகம். மருமகன் அதை நம்பி டாக்டரிடம் நேரம் சொல்லிவிட்டார். அடுத்த திருப்பத்தில் வெட்டிய மரங்களை ஏற்றிய லாரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. மழையில் இறங்கி நின்று நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். லாரிக்காரரை அல்ல, என் வீட்டுக்காரரை.

மதுரை போய்ச் சேர்ந்தபோது விமானம் போய்விட்டிருந்தது. அடுத்தது மத்தியானத்துக்கு மேல்தான். போன் செய்தேன். மகளே எடுத்தாள்.

"அப்பா போடியப் பாத்துட்டுச் சொல்லியிருப்பாருன்னு அப்பவே தெரியும்மா. இதுக்கு மேல வச்சுருக்க முடியாதாம். நான் உள்ள போறேன்."

"பயமா இருக்கா ஆத்தா?"

"இருக்கு. அதுக்காகப் போகாம இருக்க முடியுமா?"

சின்ன வயதில் ஊசிக்குக்கூட என் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறவள் அவள். நான் ஒன்றும் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். என் வீட்டுக்காரர் என் பக்கமே திரும்பவில்லை.

மருமகன் சொன்னது சரிதான். விமானம் ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. அந்த நேரம் முழுக்க, அவள் பக்கத்தில் யாருமில்லாமல் படுத்திருப்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இறங்கிப் போனை ஆன் செய்ததும் செய்தி வந்தது. பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். சந்தோஷத்தில்தான் அழுதேன். ஆனால் சந்தோஷத்தில் மட்டும் அழவில்லை.

ஆஸ்பத்திரியில் மகள் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்தாள். கையைப் பிடித்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"வெரசா வந்துட்டியேம்மா" என்றாள்.

எனக்குத்தான், அவளிடம் இன்னும் வந்து சேராதது போல இருந்தது.