கோயில் சுவரில் ஒரு சமையலறை

கல்கத்தாவின் பெஹாலாவில் மீன் மார்க்கெட்டைத் தாண்டி உள்ளே போகும் சந்தின் கோடியில் பத்மஜாவின் வீடு. அதை ஒட்டி ஒரு பழைய சிவன் கோயில். குடிசைக் கூரைபோல் வளைந்த முகடு, சுவரெல்லாம் சுட்டமண் சிற்பங்கள். திருநெல்வேலியிலிருந்து சணல் கம்பெனிக்கு டைப்பிஸ்டாக வந்த அப்பா செந்தில்நாதன் இந்த வீட்டை வாங்கியபோது, வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே எட்டடி இடைவெளி இருந்தது. அம்மாவுக்கு வீட்டுக்குள் கரிப்புகை ஆகாது. அப்பா அந்த இடைவெளியின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு, முன்னும் பின்னும் செங்கல் வைத்து அடைத்தார். மூன்றாவது சுவர் வீட்டினுடையது, நான்காவது கோயிலினுடையது. அதுதான் அம்மாவின் சமையலறை. யாரும் ஏனென்று கேட்கவில்லை. பின்னாலேயே கோயிலின் மற்றப் பக்கங்களில் ஒரு சைக்கிள் கடையும், பேட்டை கிளப்பின் கேரம் அறையும் வந்து ஒட்டிக்கொண்டன.

பத்மஜாவுக்கு அப்போது ஏழு வயது. துர்கா பூஜைக்கு முன்னால் வருஷா வருஷம் அம்மா கோயில் சுவருக்கும் சேர்த்தே சுண்ணாம்பு அடிப்பாள். அந்த வெள்ளைக்கு அடியில் என்னென்ன இருக்கிறதென்று பத்மஜாவின் விரல்களுக்குத் தெரியும். அடுப்புக்கு மேலே ஒரு படகு. அதன் விளிம்பில்தான் தீப்பெட்டி. சாம்பார் கொதிக்கிற வாசனைக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள். அம்மா போன பிறகும், டெலிபோன் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், கல்யாணம் செய்துகொள்ளாத பத்மஜா அதே இடத்தில்தான் தனக்கொரு கைப்பிடி அரிசி பொங்கிச் சாப்பிட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழையில் கோயிலின் அடித்தளம் விரிசல் விட்டது. தொல்லியல் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது: சுவரை ஒட்டியிருக்கும் கட்டடங்கள் எல்லாம் அகல வேண்டும். கிளப் செயலாளர் ரஞ்சன் உடனே கூட்டம் போட்டார்.

"எல்லாரும் ஒண்ணா நின்னா ஒரு செங்கல்லைக்கூட எடுக்க முடியாது. நீங்களும் கையெழுத்துப் போடுங்க, தீதி," என்றார், வங்காளியில் அக்கா முறை வைத்து.

பத்மஜா பேனாவை வாங்கவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுவாரம் அலுவலகத்திலிருந்து ஸ்னேகா என்ற பெண் சுவரைப் பார்க்க வந்தாள். முப்பது வயதிருக்கும். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்து கையை வைத்தவள் நிமிர்ந்தபோது, அவள் விரல்களில் ஈரமண் ஒட்டியிருந்தது.

"மாஷிமா, உங்க தண்ணி அத்தனையும் கோயில் அஸ்திவாரத்துக்குள்ளேதான் இறங்குது," என்றாள் வங்காளியில், சித்தி முறை வைத்து.

பத்மஜா அடுப்புப் பக்கம் நகர்ந்தாள். பிறகு, "இங்கே ஒரு படகு இருக்கு," என்று சுவரைத் தொட்டுக் காட்டினாள்.

ஸ்னேகா ஈரப் பஞ்சையும் சின்ன பிரஷையும் எடுத்தாள். ஒரு மணி நேரம் ஆனது. சுண்ணாம்பு உரிய உரிய, கரியேறிய சிவப்பில் துடுப்பு போடும் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒன்பது பேர். ஏழாவது ஆளுக்குத் தலை இல்லை. அந்த இடத்தில் துருப்பிடித்த ஓர் ஆணி.

"காலண்டர் மாட்ட அப்பா அடிச்சது. நான்தான் ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்," என்றாள் பத்மஜா.

அன்று சாயங்காலம் பெங்களூரில் இருக்கும் தம்பி மகேஷுக்குப் போன் செய்து, சமையலறையை இடித்துவிடச் சொல்லப் போவதாகச் சொன்னாள்.

"அக்கா, அம்மா ஞாபகமா நமக்குன்னு அது ஒண்ணுதானே இருக்கு?"

"நீ வருஷத்துக்கு ஒருதடவை வந்து பார்த்துட்டுப் போறே. நான் தினமும் தண்ணி ஊத்துறேன்டா, அந்தச் சுவரோட காலடியில. தெரிஞ்சப்புறம் எப்படி ஊத்த?"

"உனக்குச் சரின்னு பட்டதைச் செய்," என்று கடைசியில் சொன்னான்.

சந்தில் முதலில் இடிபட்டது பத்மஜாவின் சமையலறைதான். அரை நாளில் முடிந்துவிட்டது. ரஞ்சன் நாலு மாதம் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் வெளிச்சம் விழுந்த அந்தப் படகுச் சுவரைப் பார்க்க ஜனங்கள் வந்து நிற்க ஆரம்பித்ததும், கேரம் போர்டு தானாகவே வேறிடம் போனது. சைக்கிள் கடைக்காரருக்குச் சந்து முனையில் இடம் கிடைத்த பிறகு அவரும் கிளம்பினார். சாக்கடையை வெளியே திருப்பி, விரிசலை அடைத்து, சுற்றிலும் புல் போட்டு, இடுப்பளவு கம்பி வேலி வைத்தார்கள். ஆணியை உருவினால் சுட்டமண் பலகையே பிளந்துவிடும் என்று ஸ்னேகா அதை அப்படியே விட்டுவிட்டாள்.

பத்மஜா வராந்தாவின் மூலையில் அடுப்பை வைத்துக்கொண்டாள். முதல் சில மாதங்கள் விடிந்ததும் பால் காய்ச்சக் கால்கள் பழைய சமையலறைக்குப் போகும் பின்கதவுக்கே போயின.

போன பூஜைக்கு மகேஷ் வந்தான். அக்காவும் தம்பியும் சமையலறை இருந்த இடத்துப் புல்லில் நின்றார்கள். அம்மா அரிவாள்மணை போட்டு உட்காருவது இந்தப் பக்கம் என்றான் அவன். இல்லை, வாசல் ஓரம் என்றாள் அவள்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு அக்கா. வெயில் முதுகுல படும்."

"அங்க ஏதுடா வெயில்? ஷீட்டுல்ல போட்டிருந்தது."

அவன் காலால் அளந்து பார்த்தான். கடைசிவரை இருவரும் ஒத்துப்போகவில்லை.