திரைக்குள் ஒரு தொட்டில்

மைதிலி கெட்டிக்காரிதான். கீரைக் கட்டுக்கு ஒரு ரூபாய் கூடச் சொன்னால் குகட்பள்ளி சந்தைக்காரர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் கதை இப்படிப் போனதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

ஹவுசிங் போர்டு குடியிருப்பில் எனக்கு எதிர்வீடு அவள். புருஷன் கிரிக்குப் பட்டான்செருவில் மருந்துக் கம்பெனி வேலை. உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் அவன் போனும் பணம் அனுப்பும் ரகசிய எண்ணும் இவளிடம்தான். பிரசவத்துக்கென்று ஓவர்டைம் பார்த்துச் சேர்த்ததும் அந்தக் கணக்கில்தான் கிடந்தது.

முதல் தடவை உண்டானபோது ஆசையாய் ஒரு குட்டிச் சட்டை வாங்கினாள். பிள்ளை தங்கவில்லை. "பொறக்கறதுக்கு முன்னாடி யாரு வாங்கச் சொன்னா?" என்று கும்பகோணத்து மாமியார் போனில் கேட்டது அவள் நெஞ்சில் தைத்துவிட்டது. இந்த முறை வீட்டுக்குள் ஒரு புதுத் துணி வரவில்லை.

ஆசையை எங்கேதான் கொட்டுவாள்? போனில் ஒரு விளையாட்டு. அதில் நாமே வீடு கட்டிச் சாமான் வாங்கலாம், எல்லாம் நிஜக் காசுக்கு. பிள்ளைக்கென்று ஓர் அறை கட்டினாள். மரக்குதிரை வாங்கினாள், கிலுகிலுப்பை வாங்கினாள், கடைசியில் ஒரு வெள்ளித் தொட்டில். விரல் பட்டால் ஆடும்.

ஒரு மத்தியானம் அவள் அதை ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன்.

"நக்கோ மா, வேணாம். காலித் தொட்டில ஆட்டக் கூடாதும்பாங்க."

"இது நெஜமில்லையே அக்கா. நெஜமா வாங்கினாத்தானே தோஷம்?"

"காசு நெஜம்தானே?"

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகுது" என்று சிரித்தாள். விரல் மட்டும் நிற்கவில்லை. எனக்கு என்னமோ பயமாக இருந்தது.

எட்டாம் மாதமே ரத்தப்போக்கு. கிரி அன்று வீட்டில் இருந்தான். நானும் கூடப் போனேன். பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில், கையிலிருந்ததைக் கட்டி ஆபரேஷன் செய்தார்கள். பையன். மூச்சு சரியில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும், முன்பணம் கட்டினால்தான் இடம் என்றார்கள். கிரி கணக்கைத் திறந்தான். ஒன்றுமில்லை.

அரை மயக்கத்தில் மைதிலி சொன்னாள். "எல்லாம் அந்த வீட்டுலதாங்க இருக்கு. வித்துடுங்க."

பாவி மனுஷன், விற்பதற்கு எங்கே அழுத்துவது என்று தேடினான். அதில் வாங்க மட்டும்தான் முடியும். நான் வளையலைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது கிரி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். மடியில் பழைய வேட்டியில் சுற்றிய பிள்ளை. மூச்சு இல்லை.

வீட்டுக்கு வந்தும் மைதிலி அழவில்லை. கிரிக்குச் சம்பளம் வந்த மறுநாள் கஞ்சி கொண்டுபோனேன். போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். திரையில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கீழே ஓர் அறிவிப்பு: தொட்டிலுக்கு ஒரு குழந்தை, இன்று பாதி விலை. முகம், நிறம், கண் எல்லாம் நாமே தேர்ந்தெடுக்கலாமாம். அவள் ரகசிய எண்ணை அழுத்தத் தொடங்கியிருந்தாள்.

ஆத்திரத்தில் போனைப் பிடுங்கப் போனேன். பின்னாலிருந்து கிரி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்க ஸ்டெல்லாக்கா" என்றான். பிறகு அவளிடம் மெதுவாக, "கண்ணு மட்டும் என்னோடது மாதிரி வை" என்றான்.