இராயபுரம் முதல் எர்ணாவூர் வரை, ஒரு வண்டி நீளம் விட்டு

சென்ற செவ்வாய்க்கிழமை அக்காவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது இராயபுரத்தில், வீடு எர்ணாவூரில். ஆம்புலன்ஸுக்கு 2,500 ரூபாய் கேட்டார்கள். என் காரே போதும் என்றேன். சுமார் பத்து கிலோமீட்டர்தான். ஆனால் கண்டெய்னர் லாரிகள் வந்துபோகும் எண்ணூர் விரைவுச் சாலையில் போனவர்களுக்கு அந்தப் பத்து எவ்வளவு நீளம் என்று தெரியும்.

மருத்துவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "சடாரென்று பிரேக் போடக் கூடாது." அக்கா என்னைப் பார்த்தாள். காரணம் உண்டு. அவளைச் சேர்க்க அழைத்து வந்த அன்று, காலடிப்பேட்டை அருகே முன்னால் போன வேனை ஒட்டியே ஓட்டினேன். வேன் நின்றது. நான் மிதித்த மிதியில் அவள் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பதினோரு ஆண்டுகளாக நான் ஓட்டிய விதம் அதுதான். எங்கள் பக்கம் கேப்பு என்றால் இடைவெளி இல்லை, அவமானம். விட்டால் எவனாவது பூந்துடுவான். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் கிளச்சுக்கு முன்பே இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்.

இந்த முறை இடம் விடுவது என்று தீர்மானித்தேன்.

காலை 10.20. முன் இருக்கையை நன்றாகச் சாய்த்து, தலையணை வைத்து, அக்காவை உட்காரவைத்தேன். காசிமேடு தொடங்கியதுமே நெரிசல். ஒரு வண்டி நீளம் விட்டு முதல் கியரில் ஊர்ந்தேன். முன்வண்டி நின்றாலும், நான் அதை நெருங்குவதற்குள் அது நகர்ந்துவிடும். அந்த இடத்தில் முதலில் புகுந்தது பிளாஸ்டிக் நாற்காலிகள் ஏற்றிய ஒரு மினி வேன். பின்னால் வந்த கண்டெய்னர் டிரெய்லரின் ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அக்காவின் ஜன்னலோரம் ஒரு ஆட்டோ வந்தது.

"இன்னாம்மா, இம்மாம் எடம் வுட்டுகினு போறே? கல்யாண ஊர்கோலமா?"

அக்கா கண்ணைத் திறக்காமலே, "ஆமா நைனா, மொய் எய்திட்டுப் போ" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே புகுந்தார். ஒவ்வொருவர் புகும்போதும் தோற்றதுபோல் இருந்தது. கால் தானாக ஆக்சிலரேட்டரைத் தேடியது. யாரிடம் தோற்றேன் என்று யோசித்தேன். திருவொற்றியூர் வருவதற்குள் பதினேழு வண்டிகள் என் முன்னால் புகுந்தன. பதினேழு முறையும் மறுபடி இடம் விட்டேன். அடிக்கட்டும் ஹாரன்!

திருவொற்றியூர் தாண்டி எல்லாமே நின்றுவிட்டது. டிரெய்லர் ஓட்டுநர் இறங்கி என் ஜன்னலுக்கு வந்தார். சண்டைக்குத் தயாராகக் கண்ணாடியை இறக்கினேன்.

"யக்கா, மொதல்ல உன்னிய செம்மயா திட்டுனேன். அப்பால பாத்தா நீ நிக்காம ஊந்துகினே கீறே, உன் பின்னாடி நானும் நிக்கல. காலைலேந்து கிளச்சு மிதிச்சு காலு பேஜாரா கீது. இப்பத்தான் கொஞ்சம் தப்பிச்சுது."

"அப்புறம் எதுக்கு அவ்ளோ ஹாரன்?"

"அது பயக்கம் யக்கா." உள்ளே எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "தூங்குறாங்களா? நீ போ, இனிமே அடிக்கல."

அடிக்கவில்லை. என் ஒரு காரால் எண்ணூர் சாலை சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். எனக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் நின்று நின்று கிளம்ப வேண்டி வரவில்லை. அதனால் அதற்குப் பின்னால் வந்தவர்களும் அவ்வளவாக நிற்கவில்லை. 11.35க்கு எர்ணாவூரில் பார்த்தால், அந்த நாற்காலி வேன் எனக்கு இரண்டு வண்டி முன்னால் நின்றுகொண்டிருந்தது. அவ்வளவு புகுந்து புகுந்து அது சம்பாதித்தது அந்த இரண்டு வண்டிதான்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லை என்றால், ஓட்டுநருக்கு நீங்களும் தெரியமாட்டீர்கள், பின்வாங்குங்கள். நெரிசல் இல்லாமல் வண்டிகள் ஓடும்போது, முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியபின் நிதானமாக மூன்று எண்ணி நீங்கள் அந்தக் கம்பத்தைத் தாண்டுங்கள். சிரிப்பார்கள், திட்டுவார்கள், புகுவார்கள். மறுபடி விடுங்கள்.

வாசலில் வண்டியை அணைத்ததும் அக்கா கண் விழித்தாள்.

"இன்னாடி, இன்னும் காசிமேடே தாண்டலியா?"