கம்பெனி சங்கு

மஸ்கட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் துறைமுகம். இன்று சாயங்காலம் ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

கும்மிடிப்பூண்டியில் நைனாவுக்கு இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. வீட்டில் கடிகாரம் கிடையாது. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் அம்மா அரிசி போடுவாள். நைனா நடந்து வருவதற்குள் சோறு வெந்துவிடும்.

ஒருநாள் வெயில் தாழும் முன்பே சங்கு ஊதியது.

"இன்னாடி, இன்னிக்கு சீக்கிரமே உட்டுட்டானா?" என்று அம்மா சிரித்தாள். "அடுப்ப பத்த வையி. உங்க நைனா பசியோட வரும்."

கருவாடும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்தாள். சோறு வடித்தாள். வாசனை தெருவரைக்கும் போனது. நைனா வரவில்லை. பக்கத்து வீட்டு மேரிதான் ஓடி வந்தாள்.

"எக்கா, கம்பெனில பர்னஸ் வெடிச்சிடுச்சாம்! அதுக்குத்தான் சங்கு ஊதிக்கினு இருந்தானாம்!"

அம்மா எழுந்தாள். "சோத்த மூடி வையிடி. நைனா வந்து துன்னும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஓடினாள்.

மூடி வைத்தேன். மறுநாள் வீடு நிறைய சனம் வந்தபோதும் அது அப்படியே மூடியிருந்தது. யாரும் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு இங்கே வெல்டிங் வேலை. இன்று வந்ததும் அடுப்படியை எட்டிப் பார்த்தார்.

"இன்னாமே, இன்னும் அரிசியே போடலியா? உங்கம்மா ஊட்டுல இதான் பழக்கமா?"

"மூஞ்சி கழுவிக்கினு வாங்க. போடறேன்."

தினமும் இதே கேள்விதான். அவர் வாசலில் ஷூவைக் கழற்றிய பிறகுதான் நான் அரிசியைக் கையில் எடுப்பேன்.