தூக்கத்துச் சாமியின் தலை

பழசுன்னு பொய் சொல்லாம, பழசு மாதிரின்னு உண்மையைச் சொல்லி வயித்தைக் கழுவுற தொழில் எங்களோடது. கடை வச்சு வாய் நோகப் பேசுற மகராசிகளுக்கு என் பாடு புரியும். பழனிசெட்டிபட்டியில ரோட்டு மேல கடை. கிரேக்க நாட்டுப் பழைய சாமி சிலைகளைப் பார்த்து வெண்கலத்தில வார்த்து, பச்சைக் களிம்பு பூத்த மாதிரி மருந்து தடவின நகல்கள் விக்கிறேன். குமுளி, மூணாறு பக்கத்து ரிசார்ட்டுக்காரர்கள்தான் முக்கால்வாசி வாங்குறது.

ஒத்தை றெக்கை

சிலை வார்க்கிற பட்டறையிலருந்து வந்த ஒரு பார்சல்ல வெண்கல ஆம்பளைத் தலை ஒண்ணு இருந்துச்சு. கண்ணு பாதி மூடியிருக்கு, காதுக்கு மேல ஒரு பக்கம் மட்டும் றெக்கை. உடைசலை அனுப்பிட்டாருன்னு பட்டறைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அசல் சிலையிலயே றெக்கை ஒண்ணுதான் மிச்சம், அது தூக்கத்துக்கான சாமின்னாரு.

அட, இருக்கட்டும்னு எனக்கு எதுத்தாப்புல வச்சேன். பதினோரு மணிக்குக் கண்ணு சொக்குச்சு. முழிச்சா சாயங்காலம் அஞ்சு. பக்கத்து ஹார்ட்வேர்ஸ் கடைப் பெரியவர் என் முன்னால வெளிறிப்போய் நின்னாக. "ஏத்தா, மூணு தடவை உலுக்கினேன். நீ மூச்சாவது விட்டியா?"

பொம்மையா குடுங்க

ராயப்பன்பட்டி பிலோமினா டீச்சர், கூட வேலை பார்க்கிறவுகளோட ரிட்டயர்மென்ட்டுக்குப் பரிசு வாங்க வந்தாக. பேச்சுவாக்கில அழுதுட்டாக. வீட்டுக்காரர் லாரி ஓட்டினவராம். மலைப்பாதையில வண்டி கவுந்து கூட வந்த சிநேகிதர் செத்ததிலிருந்து மனுசன் பொட்டுத் தூக்கம் இல்லையாம். மாத்திரை போட்டும் வரலையாம்.

நான் வாயை மூடிக்கிட்டு இருக்கலாம்ல? இந்தத் தலை தூக்கத்துச் சாமின்னு சொல்லிட்டேன். டீச்சர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு அதையே பார்த்தாக. "எங்க வேதத்தில சாமி சொரூபம்னா சர்ச் சாமியார் மந்திரிக்கணும். நீங்க இதை எனக்குப் பொம்மையாவே குடுங்க."

கூடப் பிறந்தவன்

பத்தே நாள்ல டீச்சர் போன் பண்ணி, வீட்டுக்காரர் நல்லாத் தூங்குறாக, நீங்க மகராசியா இருக்கணும்னாக. எனக்குத் தலைகால் புரியலை. கடைக்கு வந்திருந்த மலையாளி ரிசார்ட் மேனேஜர்கிட்ட அந்தக் கதையை அளந்தேன். அவருக்குக் கிரேக்கக் கதையெல்லாம் அத்துப்படி. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: "சேச்சி, அந்தச் சாமி இரட்டைப் பிறவி. கூடப் பிறந்தவன் மரணம். ரெண்டு பேரும் பிரியவே மாட்டாங்க."

வாசல்ல ஒருத்தர்

மறுநாளே உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏறி, அங்கன ஆட்டோ பிடிச்சு டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். கலர் சரியில்லை, மாத்தித் தாரேன்னு புளுகினேன். இரட்டைப் பிறவி பத்தி மூச்சே விடலை. டீச்சர் முகத்தில சிரிப்பு இல்லை. இப்பல்லாம் பகல்லயும் தூங்குறாகளாம், இன்னைக்கு எழுப்பியும் எந்திரிக்கலையாம்.

கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூல்ல தலை இருந்துச்சு. மனுசனுக்கு நெஞ்சு ஏறி எறங்குதான்னு குனிஞ்சுதான் பார்க்க வேண்டியிருந்துச்சு. ஐயோ, என் வாயால ஒரு உசிர் போயிருமோன்னு இருந்துச்சு எனக்கு. தலையைத் துணியில சுத்தித் தூக்கினேன். அவர் கண்ணைத் தொறக்காமலே பேசினாரு. "பொம்மையை எடுத்துட்டீக, சரி. வாசல்ல அதே மொகத்தோட ஒருத்தர் நிக்கிறாக. அவரையும் கூட்டிட்டுப் போயிருங்க."

ஒண்ணை வித்தவளுக்கு ஒண்ணுதான் திரும்பி வரும்னு நெனச்சிருந்தேன். உத்தமபாளையம் வந்து சேருற வரைக்கும் ஆட்டோவில ஓரமா ஒண்டிக்கிட்டு, ரெண்டு பேருக்கு எடம் விட்டுத்தான் உக்காந்து வந்தேன்.